ஆயிரம் வாட் சூடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு மலையாளி டீக்கடையில் கௌஸ் முகைதீன் சிரித்துக்கொண்டே சொன்ன துணுக்கு இது. கௌஸ் கீழக்கரைக்காரர். நிகழ்ச்சிகளுக்கு மேடையும் விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

"நம்ம பய ஒருத்தன், ஜப்பான்காரன் மேளத்தைச் சோளக்கருது வாட்டுற மாதிரி வாட்டிப்புட்டான் சார். எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு," என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அந்த நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். 2007 நவம்பர், ஒரு வியாழக்கிழமை, புஜைரா கடற்கரை. மூன்றாவது வரிசையில் நானும் என் மனைவி உமாராணியும். அந்தப் பெரிய மேளத்தின் முதல் அடி விழுந்தபோது என் நெஞ்சுக்கூடு

(இந்த வாக்கியத்தை ஆறு விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தேறவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

வாரத்தில் ஐந்து நாள் நான் ஏ.சி. குழாய்களுக்குப் படம் வரைகிறவன். வெள்ளி, சனி மட்டும் எழுத்தாளன். கதை கிடைத்துவிட்டது என்ற பேராசையில் கௌஸைத் தொந்தரவு செய்தேன். அவர் தயவில், அந்த "நம்ம பய" ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். பெயர் கார்மேகம். வயது முப்பத்து மூன்று. சிவகங்கைப் பக்கம். இரண்டு மணி நேரம் சொன்னார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன், கடைசிப் பகுதி தவிர. அந்தக் கடைசிப் பகுதி ஏன் இல்லை என்பதை ஒளிக்காமல் பிறகு சொல்கிறேன்.

2

தொடக்கம் என்று மூன்று எழுதினேன்.

ஒன்று: "பாலைவனத்தின் மேல் மாலைச் சூரியன் மெல்ல..."

உமாராணி படித்துவிட்டு, "புஜைராவுல ஏதுங்க பாலைவனம்? மலையும் கடலும்ல இருக்கு. போய்ட்டு வந்தீங்களா இல்லையா?" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டு: "தாளமே மனிதகுலத்தின் முதல் மொழி."

"யாரு சொன்னா? பொறந்த பிள்ளை மேளமா அடிக்குது? அழுவுது."

அதையும் அடித்தேன். வீட்டிலேயே விமர்சகரை வைத்துக்கொண்டிருக்கிறவன் பாடு இது.

மூன்றாவதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அதுவே நிற்கிறது.

3

கார்மேகம் பொய் சொன்னார்.

அந்த நிகழ்ச்சிக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால், கௌஸின் கம்பெனி ஆட்கள் தங்குகிற ஷார்ஜா கேம்ப்பில் வந்து இறங்கிய முதல் நாள். அறையில் எட்டுக் கட்டில். மேல் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரெங்கராஜ் கேட்டார்.

"எந்தூரு?"

கார்மேகம் ஊர்ப் பேரைச் சொன்னார்.

"அடேடே, நமக்குப் பக்கத்து ஊருப்பா! பஸ்ஸுக்கு நின்னா ஒங்க ஊருதான தெரியும். அங்க எந்தத் தெரு?"

இந்தக் கேள்வியைத் தபால்காரர் கேட்டால் கடிதம் கொடுக்க. நம்மவர் கேட்டால் எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார்மேகத்துக்கு நம் இருவரையும் விட நன்றாகத் தெரியும்.

"பிள்ளையார் கோயில் தெரு," என்றார்.

அந்தத் தெருவில் அவருடைய அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். ரெங்கராஜுக்கு அது தெரிய வழியில்லை. "சரி மாப்ள, பையக் கீழ வையி, சாப்புட்டியா?" என்றார். அன்றிலிருந்து மாப்ளதான். ஆறு வருஷமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

கார்மேகத்தின் அப்பா தப்பு அடிப்பவர். பறைக்கு எங்கள் பக்கத்தில் தப்பு என்றுதான் பேர். செய்த பிழைக்கும் அதே சொல்தான். யார் வைத்த ஏற்பாடோ தெரியவில்லை. கார்மேகமும் பன்னிரண்டு வயதிலிருந்து அடித்தவர். ஊரில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் ஆள் வந்துவிடும். காய்ச்சலாக இருந்தாலும் போக வேண்டும். ஒரு நாள் முடியாது என்றார். அதற்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் போயிற்று. விமானம் ஏறும்போதே முடிவு செய்துவிட்டார், இனிமேல் குச்சியைக் கையால் தொடுவதில்லை என்று.

நான் கேட்டேன்: "இத்தனை வருஷம் ஏன் பயந்தீங்க? கேம்ப்புல தெரிஞ்சா என்ன பண்ணிடுவாங்க?"

"அடிக்கவா போறாங்க சார்? இங்க அதெல்லாம் நடக்காது. நான் ஆக்குற அன்னைக்குத் தட்டை எடுத்துக்கிட்டு கேன்டீனுக்குப் போயிருவாங்க. அம்புட்டுத்தான். அதுதான் சார் தாங்காது."

ஏனென்றால் அந்த அறையின் சமையல் ராஜா அவர்தான். முறை வைத்துத்தான் சமைப்பார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோருக்கும் லீவு, அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கார்மேகம் கையால்தான் வேண்டும் என்று ஏழு பேரும் அடம் பிடிப்பார்கள். "எங்காத்தாவுக்கே இந்தக் கைப்பக்குவம் வராது மாப்ள," என்று குண்டானை வழித்து நக்குகிற ஆள் ரெங்கராஜ். அந்தச் சாப்பாட்டு நேரத்தை கார்மேகம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "வாரத்துல அந்த ஒரு மணி நேரம் நான் யாருன்னே எனக்கு மறந்துரும் சார்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுத வரவில்லை.

4

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலையிலேயே ஷார்ஜாவிலிருந்து கம்பெனி பஸ் மலைப்பாதை ஏறி இறங்கி புஜைராவுக்கு வந்துவிட்டது. திறந்தவெளி மேடை, பின்னால் கடல். ஜப்பான்காரர்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளைத் திறந்து மேளங்களை எடுத்தார்கள். தைக்கோ என்று பெயர். இருப்பதிலேயே பெரியது ஒரு ஆள் உயரம், ஒரே மரத்தைக் குடைந்து செய்தது, இரண்டு பக்கமும் மாட்டுத்தோல். அதைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆள் கூட வந்திருந்தார், நிஷிமுரா என்று.

மூன்று மணிக்கு மேல் கடல்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்தது. நிஷிமுரா பெரிய மேளத்தைத் தட்டிப் பார்த்தார். "தொம்" என்று வர வேண்டியது "பொத்" என்று வந்தது. துணியால் துடைத்தார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி பொத். முகம் சுருங்கிப்போய், யாரையோ கேட்க எழுந்து போனார்.

பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்த கார்மேகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சொறி புடிச்ச மாதிரி இருந்துச்சு சார். தோலு நனைஞ்சிருக்கு, சூடு காட்டுனா சரியாப்போச்சு. இது கூடவா தெரியல?"

ஊரில் என்றால் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். அதுதான் பழக்கம், காய்ச்சாமல் யாரும் முதல் அடி அடிப்பதில்லை. புஜைரா கடற்கரையில் வைக்கோலுக்கு எங்கே போவது? ஆயிரம் வாட் மேடை விளக்கு ஒன்று தரையில் சும்மா கிடந்தது. கார்மேகம் அதை இழுத்து வந்து, தோலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, சுவிட்சைப் போட்டு, நடுவில் தன் உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டு நின்றார்.

தைக்கோவை இப்படிக் காய்ச்சும் வழக்கம் இல்லை. சூடு கொஞ்சம் கூடினால் தோல் கிழியும். அது அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் கௌஸ் வந்தார். "யா அல்லாஹ்! யார்றா இந்தத் தப்பைப் பண்ணது?"

ஒரு நாளைக்கு நூறு தரம் காதில் விழுகிற சொல்தான் அது. அன்றைக்கு மட்டும் கார்மேகம் அதை வாத்தியத்தின் பேராகவே கேட்டார். தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தார்.

சத்தம் கேட்டு நிஷிமுரா ஓடி வந்தார். விளக்கைப் பார்த்தார், தோலைப் பார்த்தார். கத்தவில்லை. உள்ளங்கையைத் தோலில் வைத்துப் பார்த்தார். விளக்கை இன்னும் இரண்டு சாண் பின்னால் தள்ளினார். அணைக்கவில்லை. விரல் முட்டியால் தட்டினார். தொம். கார்மேகத்தைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார், இன்னும் ஐந்து நிமிஷமா என்று. கார்மேகம் மூன்று விரலைக் காட்டினார். நிஷிமுரா தலையாட்டினார்.

(இங்கே "இசைக்கு மொழி தேவையில்லை" என்று ஒரு வரி எழுதிக் கூச்சப்பட்டு அடித்துவிட்டேன். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது மாட்டுத்தோலைப் பற்றி.)

ஏணி மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ரெங்கராஜ் கேட்டார்: "ஏ மாப்ள, ஒனக்கு எப்புடிறா இந்த வித்தையெல்லாம் தெரியும்?"

"ஈரத்துணியக் காயப்போடத் தெரியாதாக்கும் ஒனக்கு? அது மாதிரிதான்."

ரெங்கராஜ் சிரித்துவிட்டு விளக்கை முடுக்கப் போய்விட்டார். அத்தோடு தப்பித்தோம் என்று கார்மேகம் மூச்சு விட்டார்.

5

இனி என் முறை. நிகழ்ச்சியைப் பார்த்தவன் நான்தானே.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து கூட்டம் உட்கார்ந்தது. ஆறு பேர் வந்தார்கள். பெரிய மேளத்தின் முன்னால் போய் நின்றது ஒரு பெண், சின்ன உருவம், உமாராணி உயரம்கூட இல்லை. காலை அகட்டி, கையை உயர்த்தி, அப்படியே நின்றாள். அடிக்கவில்லை. பக்கத்து சீட்டில் சிப்ஸ் பாக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். அப்புறம் அடித்தாள்.

பிறகு ஒரு நாள் இதே மாதிரி மேளத்தை சி.டி. வாங்கிக் காரில் போட்டுக் கேட்டேன். யாரோ மாடியில் அலமாரியை நகர்த்துகிற மாதிரி இருந்தது. எதிரே நின்று கேட்பது வேறு சங்கதி. காதுக்கு வருவதற்கு முன்னால் அது நாற்காலிக் காலில் ஏறி முதுகெலும்புக்கு வந்துவிடுகிறது. சட்டை நடுங்குகிறது. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று நம்மைக் கேட்பதே இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு பொது இடத்தில் உமாராணி என் கையைப் பிடித்தாள்.

(உமாராணி: "நான் பிடிக்கலை. நீங்கதான் பிடிச்சீங்க." பதிவு செய்துகொள்கிறேன்.)

மேடைக்குப் பின்னால் கார்மேகம் ஒரு இரும்புக் குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "கைய அடக்கிட்டேன் சார். காலு கேக்கல."

ஆறு பேரும் ஒரே அடியில் நிறுத்தினார்கள். விளக்குகள் தாழ்ந்தன. ஒரு வயதானவர் வந்து மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு மூங்கில் குழலை நேராகப் பிடித்து வாயில் வைத்தார். ஷாக்குஹாச்சி. நம் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிப்பதில்லை. முதலில் காற்று மட்டும் வந்தது, அவர் மூச்சு. அந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரமாயிற்று. சுரம் மெலிந்து மறுபடி மூச்சாகியது. நடுநடுவே கடல் கேட்டது. மேளம் உடம்பை உலுக்கித் திறந்துவிட்டுப் போயிருந்தது; திறந்த இடத்தில் இந்தக் குழல் மெதுவாக நுழைந்தது. எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மேடைக்குப் பின்னால் வயர் உருளை மேல் உட்கார்ந்து ரெங்கராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

(ஒரு குறிப்பு. முதல் கைப்பிரதியில் ரெங்கராஜை "அவர்" என்றும் கார்மேகத்தை "அவன்" என்றும் எழுதியிருந்தேன். பத்துப் பக்கம் எழுதியும் எனக்குத் தெரியவில்லை. உமாராணி சிவப்பு மையால் கோடு போட்டு நீட்டினாள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வேலை. எல்லா இடத்திலும் "அவர்" ஆக்கினேன். எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் அது அச்சுப்பிழை இல்லை.)

6

ரெங்கராஜின் அப்பா அந்தச் சித்திரையில் இறந்துபோனார். லீவு கிடைக்கவில்லை. ஊரில் தம்பி செல்போனை மேளத்தின் பக்கம் தூக்கிப் பிடித்தான், இவர் கேம்ப் வராந்தாவில் நின்று கேட்டார். அதுதான் அவர் கலந்துகொண்ட இழவு.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தது. மேளங்களைப் பெட்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். கார்மேகம் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ரெங்கராஜ் கொட்டிவிட்டார்.

"ஏழு மாசமா அழுகையே வரல மாப்ள. அந்தக் கெழவன் ஊதுனதும் பொத்துக்கிட்டு வந்துருச்சு. போன்ல என்னத்தக் கேட்டேன்? டிக்கு டிக்குன்னு அந்து அந்து வந்துச்சு. மேளமா, கொட்டாங்கச்சியான்னே தெரியல. பாதியிலயே லைன் கட்டாயிருச்சு. எங்கப்பன எப்புடி அடிச்சு அனுப்புனாங்கன்னே எனக்குத் தெரியாமப் போச்சேடா!"

எப்படி அடித்திருப்பார்கள் என்று கார்மேகத்துக்குத் தெரியும். பக்கத்து ஊர்தானே. அடி அடியாகத் தெரியும். "மனசத் தேத்திக்க" என்று முதுகில் தட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கோடி பேர் அப்படித்தான் போவார்கள்.

"ரூமுல ஏழு பேரு சோத்துத் தட்டும் கண்ணு முன்னால வந்துச்சு சார்," என்றார் என்னிடம். "அன்னைக்கு யாரும் கூப்புட்டு நான் போகல. யாரும் அடிடான்னு சொல்லல. எனக்கா தோணுச்சு. அதான் அடிச்சேன்."

பெரிய மேளத்தின் மரப்பெட்டி காலியாகக் கிடந்தது. பக்கத்தில் சிதறிக் கிடந்த மரச்சட்டங்களில் மெல்லியதாக ஒரு நீளக் குச்சி, கட்டையாக ஒரு சின்னத் துண்டு, தப்புக்கு வேண்டிய ஜோடி. எடுத்தார். பெட்டியின் மேல் அடித்தார். வாசலில் உட்கார்ந்து அடிக்கிற அடி முதலில். அப்புறம் குளிப்பாட்டும்போது. அப்புறம் பாடை தூக்கும்போது. தெரு முக்கு திரும்பும்போது ஒன்று, சுடுகாட்டு வாசலில் ஒன்று. பத்து நிமிஷம். ஒரு அடி விட்டுப்போகவில்லை.

ரெங்கராஜ் எழுந்து நின்றார். நடுவில் எப்போதோ குனிந்து சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். ஜப்பான்காரர்கள் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "ஜல்தி ஜல்தி" என்று வந்த கௌஸ் அங்கேயே நின்றுவிட்டார்.

அடி நின்றது. ரெங்கராஜ் முகத்தைத் துடைத்தார். ஷூவை மாட்டினார். அப்புறம் சொன்னார்:

"கார்மேகம், அந்தப் பெட்டியக் கொஞ்சம் தள்ளு."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பெயர்.

7

மறுநாள் வெள்ளிக்கிழமை. கார்மேகம் எப்போதும் போலக் கறி வாங்கி வந்தார், எப்போதும் போல மிளகும் சீரகமும் வறுத்து அரைத்தார். மற்ற ஆறு பேருக்கும் பஸ்ஸிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ரெங்கராஜ் காலையிலிருந்து மேல் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒன்றரை மணிக்குக் குழம்பு இறங்கியது.

இதற்கு மேல் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) ரெங்கராஜ் கீழே குதித்து, முதல் ஆளாகத் தட்டை நீட்டி, "ஊத்து மாப்ள" என்கிறார். உமாராணி படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. ஒரு சாயங்காலத்து மேளமும் குழலும் அழவைக்கும், கையைப் பிடிக்கவைக்கும். தெருவை அழிக்குமா?

ஆ) ரெங்கராஜ் தட்டோடு கேன்டீனுக்குப் போகிறார். நாலு பேர் பின்னால் போகிறார்கள். இதை எழுதும்போது எனக்குள் ஒரு சுகம் வந்தது, ரெங்கராஜை விட நான் நல்லவன் என்று. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

இ) "வயிறு சரியில்லப்பா, நீங்க சாப்புடுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

"இதுதாங்க நடந்திருக்கும்," என்றாள் உமாராணி. "நம்ம ஆளுக இப்படித்தான்." நம்ம ஆளுக என்று அவள் யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

8

ஏன் எனக்கு முடிவு தெரியாது என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா?

எங்கள் ஃப்ளாட்டில், குழம்பு இறங்கிய இடம் வரைக்கும் கார்மேகம் சொல்லிவிட்டு நிறுத்தினார். உமாராணி காபி கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்புறம்? ரெங்கராஜ் சாப்பிட்டாரா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டார்.

"நீங்களா இருந்தா சாப்புட்டிருப்பீங்களா சார்?"

"பின்னே! கண்டிப்பா," என்றேன்.

சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்? ஒரு நொடிகூட இருக்காது. அந்த இடைவெளியில் நான் என்ன நினைத்தேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது. வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவரோ பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று அளந்தே பழகியவர்.

"பதில் கொஞ்சம் பிந்திருச்சு சார்," என்று சிரித்தார்.

காபியை முழுசாகக் குடித்தார். "நல்லாருக்குங்கக்கா," என்று உமாராணியிடம் சொன்னார். கௌஸின் வண்டி வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார். மிச்சத்தை அவர் சொல்லவில்லை. போன மாதம் அவரை ஓமானில் சோஹார் பக்கம் ஒரு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கௌஸ் சொன்னார். ரெங்கராஜைத் தேடிப் போய்க் கேட்கலாம்தான். எனக்கு முகமில்லை.

அதனால் முடிவை எழுதும் உரிமையை நான் இழந்துவிட்டேன். உங்களிடம் தருகிறேன். இந்தக் கதையில் யாரும் உங்களை இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ரெங்கராஜை எழுப்பிவிட்டு அந்தக் கட்டிலில் உங்களை உட்காரவைக்கிறேன். வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை. நல்ல பசி. மற்ற ஆறு பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கார்மேகம் குண்டானை நடுவில் வைத்து மூடியைத் திறந்துவிட்டார். கரண்டியில் குழம்பை அள்ளிக்கொண்டு நிமிர்கிறார்.

உங்கள் தட்டு எங்கே?